எலும்பு தானாகச் சேருமென்றால் ஒப்பரேஷன் எதற்கு?

[திரையில்: இரவு நேரம், கல்முனை – மட்டக்களப்பு வீதி. நடுவீதியில் மாடுகள்.]

இந்த வீதியில் இரவில் மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கறுப்பு வீதி, கறுப்பு மாடு. மோதி விழுந்தவரின் தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் "உள்ளுக்குக் கம்பி போடவேணும்" என்கிறார்கள். வீட்டில் ஒருவராவது கேட்பார்: "ஏன், மூலிகைப் பத்துக் கட்டினால் சேராதா?"

நியாயமான கேள்வி. எலும்பைச் சேர்ப்பது டொக்டரும் இல்லை, பத்தும் இல்லை. எலும்பேதான்.

[திரையில்: முறிந்த எலும்பின் வரைபடம், வாரம் வாரமாக.]

முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைந்து நிற்கும். சில வாரங்களில் அங்கே குருத்தெலும்பு போன்ற மென்மையான இழையம் வளரும். மறுகா அதில் கல்சியம் படிந்து இறுகும். மணிக்கட்டுக்கு ஆறு வாரம் அளவு போதும். பெரியவர்களின் தொடை எலும்புக்கு மூன்று முதல் ஆறு மாதம் வரை எடுக்கும். புகைப்பவர்களுக்கு இன்னும் இழுபடும். மாங்கன்றில் ஒட்டுக் கட்டும்போது சுற்றுகிற நாடா எதையும் ஒட்டவைப்பதில்லை, ஆடாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். தகடும் ஸ்குரூவும் கம்பியும் செய்வது அதே வேலை.

சரி, ஆடாமல் பிடிக்க மாக்கட்டுப் போதாதா? பல முறிவுகளுக்குப் போதும். முறிந்த துண்டுகள் விலகாமல் இருந்தால் டொக்டரே கத்தியை எடுக்க மாட்டார். தொடையில்தான் சிக்கல். அங்கேயுள்ள தசைகள் பலமானவை. முறிந்த இரண்டு முனைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக இழுத்து ஏற்றிவிடும், கால் கட்டையாகிவிடும். முந்தி இதற்கு ஒரே வழி, காலில் நிறை கட்டித் தொங்கவிட்டு, மாதக்கணக்கில் மல்லாந்து படுப்பதுதான். 1939இல் ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் எலும்பின் நடுவிலுள்ள மச்சைக் குழிக்குள் நீளமான உலோகக் கம்பியைச் செலுத்தினார். இன்று போடுவதும் அந்த வழியில் வந்ததே. இப்போது இரண்டு முனையிலும் குறுக்கே ஸ்குரூ போட்டுப் பூட்டுவதால் எலும்பு சுழலாது, குறுகாது. பெரும்பாலானவர்கள் சில நாட்களில் ஊன்றுகோலுடன் எழும்பிவிடுவார்கள். ஒப்பரேஷனின் நோக்கமே அந்த எழும்புதல்தான்.

முறிவு மூட்டுக்குள் போனால் கணக்கு வேறு. மூட்டின் மேற்பரப்பில் சிறு படி விழுந்தாலும் அது தேய்ந்து, பிற்காலத்தில் நோகும். அதனால் திறந்து, சரியாகப் பொருத்தித் தகடு போடுகிறார்கள். எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தால் மஞ்சள், எண்ணெய் ஒன்றும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடிவிட்டு 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கிருமிக்கு எதிரான மருந்து எவ்வளவு கெதியாக ஏறுகிறதோ அவ்வளவு நல்லது.

[திரையில்: கிணற்றடி. வழுக்கும் சீமெந்துத் தரை.]

இனி அம்மம்மாவின் கதைக்கு வருவோம். கிணற்றடியிலோ பாத்ரூமிலோ வழுக்கி விழுகிறார். எழும்ப ஏலாது. கால் கட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறது. இதைக் கண்டால் இடுப்புப் பக்கம் முறிந்திருக்கிறது என்று நினைத்தே காரியம் பாருங்கள்.

ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் என்றதும் பிள்ளைகள் பின்வாங்குகிறார்கள். "எண்பது வயது மனுஷி, தாங்கமாட்டா. வீட்டில் வைத்துப் பார்ப்போம்." அன்பில் சொல்வதுதான், ஆனால் கணக்குப் பிழை. அந்த வயதில் ஆபத்து, கத்தியைவிடக் கட்டிலில்தான் அதிகம். அசையாமல் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வரும், முதுகில் படுக்கைப்புண் வரும், காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும். அதனால்தான் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டல், அனுமதித்த அன்றோ அடுத்த நாளோ ஒப்பரேஷனைச் செய்யச் சொல்கிறது. இருதய நோய் கடுமையாக இருந்தால் டொக்டர்மார் வேறு முடிவு எடுக்கலாம். வயது மட்டும் காரணமாகாது.

என்ன செய்வார்கள்? தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகினால் மேலே உள்ள பந்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் அறுந்துவிடலாம். பந்து உயிரிழந்து போகலாம். ஆகவே வயதானவர்களுக்கு அதை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்கிறார்கள். கழுத்துக்குக் கீழே முறிந்திருந்தால் இரத்த ஓட்டம் தப்பும், ஸ்குரூவோ கம்பியோ போதும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து அம்மம்மாவை வண்டியில் ஏற்றி வரும்போது இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும்.

[திரையில்: கையில் இறுக்கக் கட்டு, வீங்கிய விரல்கள்.]

பத்துக் கட்டுகிற நாட்டு முறிவு வைத்தியரைப் பற்றிக் கேட்பீர்கள். அவர்களைத் திட்ட இந்த வீடியோ இல்லை. முதலில் எக்ஸ்ரே, பிறகு உங்கள் முடிவு. ஆனால் கொய்யா மரத்தால் விழுந்து முழங்கைக்குமேல் முறிந்த பிள்ளையின் கையை இறுக்கிக் கட்டுவது பயங்கரம். கட்டிய பிறகு வலி கூடுகிறதா, விரல்கள் வெளிறிக் குளிர்கிறதா, விரலை நிமிர்த்தினால் பிள்ளை அலறுகிறதா? அப்போதே கட்டைத் தளர்த்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சில மணித்தியாலத்தில் தசை செத்துவிடும், கை வாழ்நாள் முழுக்க மடங்கிப்போகும். ஆஸ்பத்திரியில் போட்ட மாக்கட்டுக்கும் இதே விதிதான்.

முழங்கால் தேய்வுக்கு அவ்வளவு அவசரம் இல்லை. உடல் எடை, தொடைத் தசைப் பயிற்சி, வலி மருந்து எல்லாம் பார்த்த பிறகும் நித்திரை கெடுகிறது, நடை குறைகிறது என்றால் மாற்றுமூட்டு பற்றிப் பேசலாம். போட்ட பிறகு பயிற்சி செய்யாவிட்டால் மடக்க ஏலாமல் போகும். அந்தப் பகுதி டொக்டரின் கையில் இல்லை.

கடைசியாக, கட்டார், சவூதிக்குப் போகிறவர்கள் கேட்பது: "தகடு ஏயர்போர்ட்டில் சத்தம் போடுமா?" போடலாம், குறிப்பாகப் பெரிய மூட்டுகள். ஆஸ்பத்திரி தந்த டயக்னோசிஸ் கார்டைப் பொக்கட்டில் வையுங்கள். பெரியவர்களுக்குத் தொந்தரவு தராத தகட்டை வழமையாகக் கழற்றுவதும் இல்லை. எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கப் போனால் மட்டும், உள்ளே உலோகம் இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.