கொக்கு இறங்குகிற மாதிரி

வணக்கம் நேயர்களே. வேலூர்க் கோட்டை அகழியோரம் காலையில் நடக்கிறவர்கள், கொக்கு வந்து இறங்குவதைக் கவனித்திருப்பீர்கள். சிறகின் பின்பக்கத்தை நுனி வரைக்கும் கீழே வளைத்துக்கொண்டு, இதோ விழப்போகிறது என்கிற அளவுக்கு மெதுவாக வரும். ஆனால் விழாது. காட்டிலும் ஆற்று மணலிலும் இறங்குகிற சின்ன விமானத்துக்கு அந்த வளைவைக் கொடுக்க முடியுமா? இதுதான் என் பல வருடப் பைத்தியம்.

இறக்கையின் பின்விளிம்பில் கீல் வைத்த இரண்டு பலகைகள் உண்டு. உடலை ஒட்டியிருப்பது ஃபிளாப்; இறங்கும்போது அது கீழே சாயும். நுனிப்பக்கம் இருப்பது எய்லரான். ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கும், விமானம் சாய்ந்து திரும்பும். ஃபிளாப்போடு இரண்டு எய்லரானையும் சேர்த்துத் தாழ்த்தினால் முழு இறக்கையும் தூக்கும், மெதுவாகவே இறங்கலாம். கனடாவில் 1947-ல் பறந்த பீவர் என்கிற சின்ன விமானத்திலேயே இது இருக்கிறது. இறங்கும் வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஓடி நிற்கும் தூரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

அப்படியானால் நன்றாகத் தாழ்த்திவிடலாமே? நானும் அப்படித்தான் நினைத்தேன். தெர்மாகோலில் ஒரு மாதிரி விமானம் செய்து, 30 டிகிரி தாழ்த்தி, பாலாற்று மணலுக்கு எடுத்துப் போனேன். அடடா, என்ன மெதுவாக வந்தது! இடதுபக்கம் திருப்பினேன். அது வலதுபக்கம் மூக்கைத் திருப்பி, வலது இறக்கையை மணலில் குத்திக்கொண்டது. மாடு மேய்த்த பையன், "சார், அதுக்கு இடது வலது தெரியலையா?" என்றான். ஏற்கெனவே தாழ்ந்திருந்த வலது எய்லரான் இன்னும் இறங்கியதும் காற்று ஒட்டாமல் பிரிந்துவிட்டது. தூக்க வேண்டிய இறக்கை பின்னால் இழுத்தது.

ஆகவே கொஞ்சமாகத் தாழ்த்துங்கள். அதோடு, ஏறுகிற எய்லரான் நிறைய ஏற வேண்டும், இறங்குகிறது சொற்பமாக இறங்க வேண்டும். எப்படி? சைக்கிள் பெடலை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் நீட்டி நிற்கும்போது லேசாக மிதித்தாலும் வெகுவாக இறங்கும். அடிக்குப் போன பிறகு அதே அளவு சுற்றினாலும் இறங்குவது கொஞ்சம்தான். எய்லரானைத் தள்ளும் சின்னத் தண்டையும் (அதைக் 'கை' என்போம்) அப்படிச் சாய்த்து வைக்கிறோம். தாழ்த்துவதற்கும் அதே கையைச் சுற்றினீர்களோ, அது அடிக்கே போய்விடும். பிறகு மேலேயும் சரியாக ஏறாது. திரும்பவும் சொல்கிறேன்: கையைச் சுற்றாதீர்கள், கை பொருத்திய அச்சையே நகர்த்துங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். இன்னும் ஒன்று. இணைப்பில் ஆட்டம் இருந்தால், வேகத்தில் எய்லரான் படபடவென்று அடித்து இறக்கையையே பிய்த்துவிடும். கீலுக்கு முன்னால் ஈயம் வைத்துச் சமன் செய்ய வேண்டும். எவ்வளவு ஈயம் என்று தாளில் எழுதிக்கொண்டுதான் வந்தேன்... சரி, சரி, முடித்துவிட்டேன். வணக்கம்.