இலெமூரியாவும் நம் காட்டுத் தேவாங்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

இலெமூரியாக் கண்டம் என்ற பெயரைப் பட்டிமன்ற மேடையிலாவது கேட்காதவர்கள் நம்மிடையே குறைவு. அந்தப் பெயரை முதலில் வைத்தவர் தமிழறிஞர் ஒருவர் அல்ல. லண்டனில் இருந்த பிலிப் ஸ்கிளேற்றர் என்ற விலங்கியலாளர், 1864 இல் வைத்தார். தமிழரைப் பற்றிய யோசனையே அவருக்கு அப்போது இல்லை. அவருடைய தலையிடி வேறு. ஆபிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள மடகஸ்கார் தீவில், குரங்குக்குத் தூரத்து உறவான லெமூர் என்ற பிராணிகள் மலிந்து கிடக்கின்றன. அவற்றின் சொந்தக்காரப் பிராணி இந்தியா, இலங்கைப் பக்கத்திலும் இருக்கிறது. நடுவில் கிடப்பதோ இந்து சமுத்திரம். மரத்தை விட்டு இறங்கவே யோசிக்கிற பிராணி இரண்டு கரைக்கும் எப்படி வந்தது? இடையில் ஒரு பெருநிலம் இருந்து பிறகு தாழ்ந்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார். லெமூரின் பெயரையே அந்த நிலத்துக்கும் வைத்தார். மனிதன் தோன்றிய இடமும் அதுவாகலாம் என்று ஜேர்மனிய உயிரியலாளர் ஹெக்கல் பின்னாளில் சேர்த்துவிட்டார். அப்புறம் கதை எங்கெங்கோ போனது.

அந்தச் சொந்தக்காரப் பிராணி தேவாங்குதான். நம் மட்டக்களப்புப் படுவான்கரைக் காட்டோரத்திலும் அம்பாறைப் பக்கத்துக் காடுகளிலும் இரவில் உலாவுகிற அதே தேவாங்கு. ஸ்கிளேற்றருக்கு நூறு ஆண்டுக்கு முன்பே, 1758 இல், உயிரினங்களை வகைப்படுத்திப் பெயரிட்ட லின்னேயஸ் இலங்கைத் தேவாங்கை லெமூர் என்ற பேரினத்துக்குள்ளேயே போட்டிருந்தார். ஆகவே ஸ்கிளேற்றர் கண்ட உறவு பிழையில்லை. அதற்கு அவர் சொன்ன காரணம்தான் நிற்கவில்லை.

இந்தியாவும் இலங்கையும் மடகஸ்காரோடு ஒட்டிக் கிடந்தது உண்மை. ஆனால் அவை பிரிந்தது ஏறக்குறைய 8 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் திரிந்த காலத்தில். லெமூரின் மூதாதைகள் மடகஸ்காருக்கு வந்து சேர்ந்தது அதற்கெல்லாம் வெகு பின்னால், 5 அல்லது 6 கோடி ஆண்டுகளுக்கு முன்தான் என்று கணிக்கிறார்கள். ஆபிரிக்கக் கரையில் வெள்ளம் அடித்துவந்த மரங்களிலும் செடிகொடித் திட்டுகளிலும் தொற்றிக்கொண்டு, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடலைக் கடந்திருக்க வேண்டும். நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அன்றைய கடல் நீரோட்டம் மடகஸ்காரை நோக்கி ஓடியது என்று 2010 இல் வெளியான ஓர் ஆய்வு கணித்துக் காட்டியது. இலட்சக்கணக்கான ஆண்டுகளில் ஒரு தடவை தப்பிக் கரையேறினாலே போதும்.

தேவாங்கின் வழி வேறு. அதன் குடும்பத்தின் மிகப் பழைய உயிர்ச்சுவடுகளில் சில எகிப்தின் ஃபாயூம் பாலைவனத்தில் கிடைத்தவை. சுமார் 3 கோடியே 70 இலட்சம் ஆண்டு பழையவை. இன்றும் ஆபிரிக்காவில் பொட்டோ என்றொரு பங்காளி இருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து தரைவழியாக ஆசியாவுக்குள் வந்த கூட்டம் இது என்பதே பெரும்பாலானோர் கருத்து. இந்தியாவிலிருந்து இலங்கைக்கு? கடல் மட்டம் தாழ்ந்த பனியுகங்களில் பாக்கு நீரிணை வெறுந்தரையாகக் கிடந்தது. கடல்கொண்ட நிலம் என்று ஒன்றைக் காட்டத்தான் வேண்டுமென்றால், மன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில் கிடந்ததைத் தாராளமாகக் காட்டலாம்.

சரி, பிராணிக்கு வருவோம். இலங்கையில் இரண்டு இனங்கள். ஈரவலயத்தில் இருப்பது செந்தேவாங்கு. நம் உலர்வலயத்தில் இருப்பது சாம்பல் தேவாங்கு. கால் கிலோ பக்கம்தான் நிறை. வெளியே தெரிகிற வால் இல்லை. கைகால்கள் குச்சிகுச்சியாக இருக்கும். கையைக் கிட்டத்தில் பார்த்தால் சுட்டுவிரல் மட்டும் கட்டையாகக் குறுகியிருக்கும். பெருவிரலும் மற்ற விரல்களும் அகல விரிந்து கிளையைக் கவ்வுவதற்கு அதுவே வசதி. கைகால்களில் இரத்தக்குழாய்கள் வலைபோலப் பின்னிக் கிடப்பதால், மணிக்கணக்காகப் பிடித்துக்கொண்டிருந்தாலும் தசை விறைத்துப்போகாது என்கிறார்கள். பாய்வதே கிடையாது. ஒரு கிளையை விட முன் அடுத்த கிளையைப் பிடித்திருக்கும்.

கீழ்த்தாடையின் முன்பற்கள் ஒன்றோடொன்று நெருங்கி முன்னால் நீட்டிக்கொண்டு, பேன் சீப்பைப் போலவே இருக்கும். வேலையும் அதுதான், மயிரைச் சீவுவது. பின்காலின் இரண்டாம் விரலில் மட்டும் நகத்துக்குப் பதிலாக ஒரு கூர்நகம், சொறிவதற்கென்றே. இந்தச் சீப்புப் பல்லும் சொறிநகமும் ஈர மூக்கும் லெமூருக்கும் உண்டு. குரங்குக்கும் நமக்கும் இல்லை. லெமூர், தேவாங்கு, குரங்கு, மனிதன் எல்லாம் அடங்கிய பிரைமேட் வரிசை ஈரமூக்கு, உலர்மூக்கு என்று இரண்டாகப் பிரிந்தபோது நாம் குரங்கோடு போய்விட்டோம். இன்னொரு வித்தியாசம் எனக்குப் பிடித்தது. ஈரமூக்குக்காரர் வைற்றமின் சி-யை உடம்பிலேயே செய்துகொள்வார்கள். நாம்தான் நெல்லியையும் கொய்யாவையும் தேட வேண்டியிருக்கிறது.

சாப்பாடு பெரும்பாலும் பூச்சி. எறும்பு, கறையான், வண்டு, நாற்றமடிக்கும் பூச்சிகள்கூட. உடம்பு சக்தியை மெதுவாகத்தான் செலவழிக்கும். பிள்ளை பெறுவதிலும் அவசரமில்லை. எலிக்கு மூன்று வாரம் போதும். இதற்கு ஐந்து மாதத்துக்கு மேல். பிறப்பது ஒன்று, அல்லது இரட்டை. சில வாரங்களில் தாய் குட்டியைக் கிளையில் விட்டுவிட்டு இரை தேடப் போய்விடும்.

மடகஸ்காரில் லெமூர்க் கூட்டம் என்னவெல்லாம் ஆனது என்பதற்குத் தனியாக ஓர் உரை வேண்டும். 30 கிராம் எலி லெமூரும், வாலில் கொழுப்பைச் சேர்த்து மரப்பொந்தில் மாதக்கணக்கில் உறங்குகிற லெமூரும் இன்றும் இருக்கின்றன. கொரில்லா அளவு வளர்ந்த ஒன்றும் இருந்து, மனிதன் வந்த பின் அழிந்தது. அங்கே குரங்கே இல்லை. போட்டி இல்லாததால் பகலும் அவர்களுடையதாயிற்று. இங்கே குரங்கும் மந்தியும் பகலை எடுத்துக்கொள்ள, தேவாங்குக்கு இரவு.

இரவில் நடமாடுவதால் பழியும் வந்தது. சேனைக் காவலுக்குப் போகிற ஒரு பெரியவர், “சாமத்தில அது கத்தினாக் கூடாது மனே” என்று என்னிடம் சொன்னார். அதன் கண்ணை மருந்துக்கும் வசியத்துக்கும் எடுத்த கொடுமையும் நம் நாட்டில் நடந்ததுதான். எனக்கு இப்போது அதைவிடப் பெரிய கவலை, காடு துண்டாவது. பாயத் தெரியாத பிராணிக்கு மரத்துக்கு மரம் கிளை தொட வேண்டும். இடையில் றோட்டு வந்தால் தரையில் இறங்கி நடக்கும், வாகனத்தில் அடிபடும். கரண்ட் கம்பியில் ஏறினால் அதோடு சரி. வேலியோரப் பற்றையை முழுதாக வெட்டாமல் ஒரு வரிசை விட்டாலே அதற்குப் பாதை கிடைக்கும்.

பார்க்க ஆசைப்படுகிறவர்கள், யானை நடமாட்டம் இல்லாத இடமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். டோர்ச் கண்ணாடியில் சிவப்புச் செலோபேன் தாள் ஒட்டுங்கள். வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணைக் கூசவைக்கும். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால், சிவப்பிலும் கண்கள் மின்னும். நெருங்கிய இரண்டு புள்ளிகள் ஓடாமல் உங்களையே நேராகப் பார்த்தால், அநேகமாக அதுதான்.

பிடித்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், இரவிரவாக அதற்கு உயிரோடு பூச்சி பிடித்துக் கொடுக்க யாரால் முடியும்?

நன்றி, வணக்கம்.