மூன்றாவது முறை கேட்டபோது

அனைவருக்கும் வணக்கம்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. நாலாம் நாள், ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்த நிவாரண முகாமுக்குப் போனோம். அரிசி, தார்ப்பாய், போர்வை, கொசுவர்த்தி எல்லாம் கொண்டுபோனோம். குழந்தைகளுக்கென்று பால் பவுடரும் கலர் பென்சிலும் தனியாக. எதையும் விட்டுவிடவில்லை என்று எனக்கு மனநிறைவு.

ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண் ஒருத்தி பென்சிலை வாங்கிக்கொண்டாள், தண்ணீர் பாட்டிலை வேண்டாம் என்றாள். “ஏம்மா?” என்றேன். “சாயங்காலத்துக்கு மேல குடிக்க மாட்டேன் டீச்சர்.” மறுபடியும் கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டாள். மூன்றாவது முறை, கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய்க் கேட்டபோதுதான் சொன்னாள். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, உள்ளே விளக்கும் இல்லை. இருட்டினால் அவளும் தங்கையும் சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை.

அதிகாரிகள், ஊர்ப் பெரியவர்கள், நாங்கள், எல்லோருமே குழந்தைகளுக்காகக் கவலைப்பட்டவர்கள்தான். ஒருவரும் அவர்களிடம் கேட்கவில்லை. மறுநாள் தாழ்ப்பாளும் டார்ச் லைட்டும் வாங்கிக்கொண்டு போனோம்.

உலக அளவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1992-ல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்க்கின் ஒரு மசோதா கொண்டுவந்தார். 15 வயது நிரம்பாத பிள்ளைகளின் உழைப்பில் உருவான பொருளை இறக்குமதி செய்யக் கூடாது என்பது அது. நோக்கம் நல்லதுதான். மசோதா கடைசிவரை சட்டமாகவில்லை. ஆனால் பேச்சு கிளம்பியதுமே வங்கதேச ஆயத்த ஆடை முதலாளிகள் ஏற்றுமதி போய்விடுமோ என்று பயந்தார்கள். கிட்டத்தட்ட 50,000 பிள்ளைகளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். எங்கே போயிருப்பார்கள்? பள்ளிக்கூடத்துக்கு என்றுதான் நினைக்கத் தோன்றும். யுனிசெஃப் பதிவு வேறு. பலர் கல் உடைக்கப் போனார்கள், தெருவுக்கு வந்தார்கள், சிலர் பாலியல் தொழிலில் தள்ளப்பட்டார்கள். தையல் ஆலையைவிடக் கொடுமையான இடங்கள். 1995 ஜூலையில்தான் ஓர் உடன்பாடு வந்தது: பள்ளியில் இடம் தயாராகும்வரை யாரையும் நீக்கக் கூடாது, படிக்க வரும் பிள்ளைக்கு மாத உதவித்தொகை. “உன் சம்பளத்தில் வீட்டில் யார் யார் சாப்பிடுகிறார்கள்?” என்று முதலிலேயே அந்தப் பிள்ளைகளிடம் கேட்டிருந்தால், இடையில் போன வருடங்கள் போயிருக்காது.

பிள்ளைகள் வேலைக்குப் போகட்டும் என்று சொல்ல வரவில்லை. முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவள் நான். ஆனால் 1996-ல் கர்நாடகத்தின் குந்தாப்பூரில் 33 நாடுகளைச் சேர்ந்த உழைக்கும் குழந்தைகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். அவர்களுடைய பத்துத் தீர்மானங்களில் ஒன்று, குழந்தைகள் செய்த பொருள்களைப் புறக்கணிப்பதை எதிர்க்கிறோம் என்றது. அதை எழுதியவர்களுக்குப் பட்டினி தெரியும்.

நம் வீடுகளில் மழலையைக் கொஞ்சி மாளாது. அதே பிள்ளைக்கு நாக்கு திருந்தி, பேச்சில் பொருள் வந்ததும் “அதிகப்பிரசங்கி” என்கிறோம். புரியாதவரை இனித்தது, புரிந்ததும் கசக்கிறது. எனக்கு இது தாங்கவில்லை.

கொரோனா காலத்தையும் பாருங்கள். 2020 மார்ச் 16 அன்று நார்வே பிரதமர் எர்னா சோல்பர்க் குழந்தைகளுக்காகவே ஒரு செய்தியாளர் சந்திப்பு நடத்தினார். கேள்விகள் எல்லாம் குழந்தைகளுடையவை. பயப்படுவது தவறில்லை என்று அவர்களிடம் சொன்னார். இங்கே அந்த மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. மதுக்கடை 2020 மே மாதமே திறந்துவிட்டது. மூடியது தவறு என்று சொல்லவில்லை. எது முதலில் திறக்க வேண்டும் என்ற பேச்சில் பிள்ளைகளின் குரல் இருந்ததா என்று கேட்கிறேன்.

1989-ல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையில் 1992-ல் இந்தியாவும் சேர்ந்தது. தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமையும், அதற்கு உரிய மதிப்புப் பெறும் உரிமையும் குழந்தைக்கு உண்டு என்கிறது அதன் 12-வது பிரிவு.

பருவமழைக்கு முன்னால் அக்டோபர் 2 கிராம சபை வருகிறது. அதற்குமுன் உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போங்கள். புயல் வந்தால் முகாமில் என்ன வேண்டும் என்று பிள்ளைகளிடமே கேட்டு, தீர்மானத்தில் எழுத வையுங்கள். பெண் பிள்ளைகளிடம் ஒரு டீச்சர் தனியாகக் கேட்கட்டும். முதல் தடவை ஒன்றும் வேண்டாம் என்பார்கள். நகர்ந்துவிடாதீர்கள்.