கண்ணில் கோளாறு இல்லை

நேயர்களுக்கு வணக்கம். காரும் பைக்கும் மோதிய இடத்தில் கார் ஓட்டியவர் வழக்கமாகச் சொல்வது இதுதான்: "பார்த்துட்டுத்தாங்க திருப்பினேன், பைக்கே இல்லை." சுற்றி நிற்பவர்கள் நம்புவதில்லை. குடித்திருப்பார், போன் பேசியிருப்பார் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சில நேரம் அதுவும் உண்மைதான். ஆனால் கண் மருத்துவராகச் சொல்கிறேன், அவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு வேன் ஓட்டுநர் என்னிடம் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. பைபாஸில் யூ-டர்ன் போடும்போது எதிரே வந்த பைக்கை இடித்துவிட்டார். ஓட்டிவந்த பையனுக்குத் தொடை எலும்பு முறிவு. இவரைப் பலகையைப் படிக்கச் சொன்னேன், கடைசி வரி வரை தடுமாறாமல் படித்தார். பக்கப் பார்வையைச் சோதித்தேன். சொட்டு மருந்து விட்டு விழித்திரையையும் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. "கண்ணுல ஏதாவது இருக்குன்னு சொல்லிடுங்க டாக்டர், ஆபரேஷன்கூடப் பண்ணிக்கிறேன்" என்றார். கோளாறு என்று ஒன்று இருந்தால் சரிசெய்துவிடலாமே என்ற தவிப்பு அவருக்கு. நல்ல வெயில், நேரான சாலை, அந்தப் பக்கம் திரும்பியும் பார்த்திருக்கிறார். அப்புறம் ஏன் தெரியவில்லை?

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்களுக்கு இப்போது வேண்டாம், வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்ளலாம். ஒரு நேரத்தில் கண் கூர்மையாகப் பார்ப்பது ஏறக்குறைய அந்த நகத்தின் அகலத்தைத்தான். மற்றதெல்லாம் மங்கல். அதனால் கண் நொடிக்கு மூன்று நான்கு முறை தாவித் தாவிப் பார்க்கிறது. தாவுகிற நேரத்தில் மூளை பார்வையை அடக்கி வைத்துவிடும். கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், பிறகு வலது கண்ணை. உங்கள் கண் நகர்வது உங்களுக்கே தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும்.

சட்டென்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பும்போது இதுதான் நடக்கிறது. லாரி, பஸ் என்றால் எப்படியும் கண்ணில் பட்டுவிடும். பைக் முன்னாலிருந்து பார்த்தால் ஓர் ஆள் அகலம், அவ்வளவுதான். கண் தாவுகிற நேரத்தில் அது விட்டுப்போய்விடும். விட்டுப்போன இடத்தை மூளை வெறும் சாலையாக நிரப்பிக்கொள்கிறது. அதனால்தான் மறுபடி சொல்கிறேன், அந்த ஓட்டுநர் பார்த்தது நிஜம், பைக் தெரியாததும் நிஜம்.

மூளை எதைத் தேடுகிறது என்பதும் இருக்கிறது. 2018-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், சாலைப் படங்களைக் காட்டி 'இங்கே ஓட்டுவது பாதுகாப்பா' என்று கேட்டார்கள். கடைசிப் படத்தில் எதிர்பாராத ஒரு வண்டி இருந்தது. அது பைக்காக இருந்தபோது 65 சதவீதம் பேர் கவனிக்கவில்லை, டாக்ஸியாக இருந்தபோது 31 சதவீதம் பேர். நம் பைபாஸில் திரும்புகிறவரின் மனம் லாரியைத்தான் தேடுகிறது. அவர் பயப்படுவது அதற்குத்தானே. ஆனால் 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள்.

அடுத்து, நான் யாரைப் பார்த்தாலும் பேசுகிற விஷயம், முன் கண்ணாடியின் ஓரத்தில் இருக்கிற பில்லர். கார் கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் தாங்குவது அது. அதனால் புது கார்களில் அதைத் தடிமனாகவே செய்கிறார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் வலது பில்லர் ஓட்டுநரின் முகத்துக்கு வெகு அருகில் இருக்கிறது. அதன் பின்னால் ஒரு பைக் ஆளோடு மறைந்துவிடும். ரவுண்டானாவை நெருங்குகிறீர்கள், வலப்பக்கம் ஒரு பைக் வருகிறது. இருவரும் ஒரே சீராகப் போனால் அது பில்லருக்குப் பின்னாலேயே கடைசிவரை நகர்ந்து வரும். கப்பல் ஓட்டுகிறவர்களுக்கு இது பாலபாடம்: இன்னொரு கப்பல் ஒரே திசையில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதப்போகிறது என்று அர்த்தம். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது இதை யார் சொல்கிறார்கள்? இருக்கையில் ஒரு முறை முன்னால் சாய்ந்து எட்டிப் பாருங்கள், போதும். திரும்பும் முன் ஒரு பார்வை, ஒரு கணம் நிறுத்தி இன்னொரு பார்வை. பார்த்தாயிற்று என்று தோன்றும்போதுதான் அந்த இரண்டாவது பார்வை தேவைப்படுகிறது.

நேரம் நெருங்குகிறது என்று கை காட்டுகிறார்கள். கார் கதவைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஓட்டுநர்கள் கதவை இடது கையால் திறந்து பழகுங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிற பைக் தெரியும். பைக்கில் போகிறவர்களுக்கு: 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் பகலிலும் விளக்கு எரியும். எதிரே வருகிறவர் விரலைக் குவித்து விரித்து 'லைட் எரியுது' என்று காட்டினால் பதறி அணைக்க வழி தேடாதீர்கள், அது எரியத்தான் வேண்டும். ஹெல்மெட் வாங்கும்போது வெள்ளையாகக் கேளுங்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த ஆய்வில், கறுப்பு ஹெல்மெட் போட்டவர்களைவிட வெள்ளை போட்டவர்களுக்கு விபத்துக் காயத்தின் அபாயம் 24 சதவீதம் குறைவாக இருந்தது. வணக்கம்.