பத்திரத்தில் யார் கையெழுத்து?

(பட்டிமன்றத் தலைப்பு: 'நித்திய ஜீவன் எனக்கு உண்டு என்ற நிச்சயத்தைத் தருவது ஆண்டவரின் வாக்குத்தத்தமா, விசுவாசியின் மாறிய வாழ்க்கையா?' சபையார் எல்லோரும் கூடி உண்ணும் அசனப் பண்டிகை மாலையில் 'வாக்குத்தத்தமே' அணியில் மூன்றாவதாகப் பேசியது.)

நடுவர் ஐயா அவர்களே, எங்கள் சபைப் போதகர் ஐயரவர்களே, பெரியவர்களே, மத்தியானம் அசனச் சோற்றை ஒரு கை பார்த்துவிட்டும் தூங்காமல் உட்கார்ந்திருக்கிற நல்ல உள்ளங்களே, எல்லோருக்கும் தோத்திரம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணாச்சி உட்காரப் போகிற நேரத்தில் ஒரு கேள்வியை வீசிவிட்டுப் போனார். "இரட்சிக்கப்பட்டேன், இரட்சிக்கப்பட்டேன் என்று முதல் பெஞ்சிலிருந்து சாட்சி சொல்கிறவர் வீட்டில் பாத்திரம் விளக்குகிற பெண்ணுக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி. இவருக்குப் பரலோகம் நிச்சயமா?" என்றார். பந்தலே அதிர்ந்தது. நானும் கைதட்டினேன். எங்கள் அணித் தலைவர் என்னை முறைத்தார்.

ஏன் தட்டினேன்? அந்தச் சம்பளத்தை அவர் இன்றைக்குச் சாயங்காலமே கொடுக்க வேண்டும். பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியிருக்கிறார். இதில் இரண்டு அணிக்கும் வழக்கே கிடையாது. ஆனால் அவர் யோக்கியரா என்பதா ஐயா இன்றைய தலைப்பு? ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவன் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான். ஆம்புலன்ஸ் வர இன்னும் இருபது நிமிடம். 'நான் செத்தால் எங்கே போவேன்?' அந்த இருபது நிமிடத்துக்கு அவன் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? இதுதான் தலைப்பு.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் வேதாகமத்தின் முதல் வெற்றுத்தாளில் 'இன்று இரட்சிக்கப்பட்டேன்' என்று நான்கு தேதிகள் இருக்கும். மூன்று அடித்திருக்கும். மே மாதக் கன்வென்ஷன் கூட்டங்களில் கடைசி ராத்திரி பிரசங்கியார், "தலையைத் தாழ்த்துங்கள், கண்ணை மூடுங்கள், கையை மட்டும் உயர்த்துங்கள்" என்பார். உயர்த்துவேன். வீட்டுக்கு வந்து தேதி எழுதுவேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். காலாண்டுப் பரீட்சைக்குள் அம்மாவிடம் நாலு பொய், தம்பியோடு அடிதடி, கணக்குப் பரீட்சையில் பிட்டு. (இன்றைக்கு நான் கணக்கு வாத்தியார். என் மாணவர்கள் யாராவது பின்னால் இருந்தால் இந்த வரியை மறந்துவிடுங்கள்.) 'போன தடவை எடுத்த இரட்சிப்பு சரியாகப் பிடிக்கவில்லை போல' என்று தேதியை அடித்துவிட்டு அடுத்த மே மாதத்துக்குக் காத்திருப்பேன். வாழ்க்கையைப் பார்த்து நிச்சயம் தேடிய பையன் கதி இதுதான்.

சின்னப் பையன் கதை என்று தள்ளிவிடாதீர்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்போர்டில் வாரத்தில் இரண்டு நாள் உபவாசம், சிறைக் கைதிகளைப் போய்ப் பார்ப்பது, விடியுமுன் ஜெபம். எதிரணி கேட்கிற வாழ்க்கை அத்தனையும் அந்த மனிதரிடம் இருந்தது. 1736 ஜனவரியில் அமெரிக்காவுக்குப் போகிற கப்பலில் புயல் அடித்துப் பாய் கிழிகிறது. ஆங்கிலேயர் அலறுகிறார்கள். மொராவிய சபையைச் சேர்ந்த ஜெர்மானியர் மட்டும் குழந்தை குட்டிகளோடு சங்கீதம் பாடிக்கொண்டிருக்கிறார்கள். வெஸ்லிக்குக் கை கால் நடுங்குகிறது. கரை இறங்கியதும் மொராவியத் தலைவர் ஸ்பாங்கன்பர்க் அவரிடம் கேட்டார்: "இயேசு கிறிஸ்துவை உமக்குத் தெரியுமா?" "அவர் உலக இரட்சகர் என்று தெரியும்." "சரி, உம்மை இரட்சித்திருக்கிறார் என்று தெரியுமா?" ஆக்ஸ்போர்டு வாத்தியார் தடுமாறிவிட்டார். இரண்டு வருஷம் கழித்துத் திரும்பும்போது, 'பூர்வகுடிகளை மனந்திருப்பப் போனேன், என்னை யார் மனந்திருப்புவார்' என்று நாட்குறிப்பில் எழுதினார். அதே 1738-இல் மே 24 ராத்திரி, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சின்னக் கூட்டம். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டபோதுதான், கிறிஸ்து என் பாவத்தையும் எடுத்துப்போட்டார் என்ற நிச்சயம் வந்ததாக எழுதுகிறார். அன்றைக்கு அவர் புதிதாக எந்த உபவாசமும் இருக்கவில்லை ஐயா. ஒருவர் வாசித்தார், இவர் கேட்டார். அவ்வளவுதான்.

நம்ம ஊர் வழக்கில் சொல்கிறேன். ஒரு நிலம் உன்னுடையது என்பதற்கு என்ன அத்தாட்சி? விளைச்சலா, பத்திரமா? போன பூவில் நாற்பது மூட்டை கண்டேன் என்று கோர்ட்டில் போய்ச் சொல்லிப் பாருங்கள். "விளைந்தது சந்தோஷம், பத்திரம் எங்கே?" என்பார் நீதிபதி. பத்திரத்தை வைத்துக்கொண்டு நிலத்தைத் தரிசாகப் போட்டவனைப் பார்த்து ஊர் காறித் துப்பும், துப்பட்டும். ஆனால் அவனுக்கு நாம் சொல்ல வேண்டிய புத்தி, 'உன் நிலத்தில் போய் உழு' என்பதுதானே? 'உழுது காட்டு, அப்புறம் நிலம் யாருடையது என்று பார்ப்போம்' என்பதா?

முன்வரிசையில் வக்கீல் அண்ணாச்சி "அனுபவ பாத்தியம், அனுபவ பாத்தியம்" என்று முணுமுணுக்கிறார். பன்னிரண்டு வருஷம் அனுபவித்தால் அடுத்தவன் நிலத்தில்கூட உரிமை கேட்கலாம், தெரியும். அண்ணாச்சி, பரலோகத்தில் அந்தச் சட்டம் செல்லாது. ஆக்கிரமித்து உள்ளே போனவன் ஒருத்தனும் இல்லை.

பத்திரத்தின் வாசகம் யோவான் ஐந்தாம் அதிகாரம் இருபத்து நாலில் இருக்கிறது. என் வசனத்தைக் கேட்டு, என்னை அனுப்பினவரை விசுவாசிக்கிறவனுக்கு 'நித்தியஜீவன் உண்டு'. உண்டு! தேர்வு முடிவு வந்ததும் அறிவிக்கப்படும் என்று இல்லை.

எதிரணித் தலைவர் 1 யோவான் 3:14-ஐ எடுத்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது உண்மை. சகோதரரிடத்தில் அன்புகூருகிறபடியால், மரணத்தைவிட்டு நீங்கி ஜீவனுக்குட்பட்டிருக்கிறோமென்று 'அறிந்திருக்கிறோம்'. அவர்கள் அணிக்கு இதைவிட நல்ல வசனம் வேதத்தில் கிடையாது. ஆனால் தலைவர் அவசரப்பட்டுப் புத்தகத்தை மூடிவிட்டார், இன்னும் ஆறே வசனம் வாசித்திருக்கலாம். இருபதாம் வசனம்: நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்த்தால், 'தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவர்'. யோவான் வயதானவர், ஆடுகளின் மனசு தெரிந்தவர். அன்பு இருக்கிறதா என்று உள்ளே பார் என்று சொன்னால், ஒழுங்காக உள்ளே பார்க்கிறவன் எவனும் அழுதுகொண்டுதான் வெளியே வருவான் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் கனியை, அதாவது மாறிய வாழ்க்கையின் அடையாளத்தை, சொன்ன கையோடு, கனியைப் பார்த்துக் கலங்கிப் போகிறவனுக்கு ஒரு திண்ணையும் போட்டு வைத்திருக்கிறார். கனி சந்தோஷத்துக்கு நல்லது, ஒப்புக்கொள்கிறேன். தலை சாய்க்க அது போதாது.

'உள்ளத்தில் சமாதானம் இல்லாதவன் இரட்சிக்கப்படவே இல்லை' என்று ஒரு தங்கச்சி அடித்துச் சொன்னார். தங்கச்சி, 'இம்மானுவேலின் ரத்தத்தால் நிறைந்த ஊற்றுண்டே' என்று பெரிய வெள்ளிக்கிழமை உருகி உருகிப் பாடுகிறோமே, அந்தப் பாட்டை ஆங்கிலத்தில் எழுதிய வில்லியம் கூப்பரைத் தெரியுமா? கடும் மனநோய்க்காரர். 1773-இல் ஒரு கனவுக்குப் பிறகு, தேவன் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் அவரை விட்டுப் போகவே இல்லை. 1800-இல் சாகிற வரைக்கும் அப்படித்தான். ஊற்று உண்டு என்று உலகத்துக்குச் சொன்னவர், எனக்கில்லை என்று இருபத்தேழு வருஷம் அழுதார். உங்கள் அளவுகோலை வைத்து அவரை எங்கே அனுப்புவீர்கள்? அவருடைய போதகர் ஜான் நியூட்டன் அளவுகோலைத் தூக்கவில்லை. தன் வீட்டிலேயே ஒரு வருஷத்துக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். 'வாக்குத்தத்தமும் அவருக்கு ஆறுதல் தரவில்லையே' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. புத்தி கலங்கிப்போய் 'என் பேரில் பத்திரமே இல்லை' என்று ஒருவன் புலம்புகிறான். அதற்காக சப்-ரிஜிஸ்தரார் ஆபீஸ் பதிவேட்டில் பேர் அழிந்துபோகுமா? அவனுக்காக நாம் போய் வில்லங்கச் சான்றிதழ் வாங்கிக் காட்டலாம். நியூட்டன் செய்தது அதுதான்.

அதே நியூட்டனை வைத்துத்தான் எதிரணி எங்களை அடித்தது. 1748-இல் புயலில் மனந்திரும்பினேன் என்றவர் 1754 வரை அடிமைக் கப்பல் ஓட்டினாரே என்று. ஓட்டினார். வெட்கக்கேடு. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அந்தக் காலத்தில் தான் முழு அர்த்தத்தில் விசுவாசியாக இருந்ததாகச் சொல்ல முடியாது என்று அவரே பின்னால் எழுதினார். ஆனால் 1788-இல், அறுபது வயதுக்கு மேல், அடிமை வியாபாரத்தை எதிர்த்து அச்சில் எழுதி, அதில் தன் பங்கையும் ஊரறிய ஒத்துக்கொண்டார். தன் நல்ல வாழ்க்கைதான் பரலோகத்துக்குச் சாவி என்று நம்புகிறவன் தன் அழுக்கை இப்படி அச்சடித்துக் கொடுப்பானா? மூடித்தான் வைப்பான்.

இந்த விவாதம் நம் மண்ணுக்குப் புதிதல்ல. நம் வைணவப் பெரியவர்கள் எழுநூறு வருஷமாக இதைப் பேசியிருக்கிறார்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே கட்டிப்பிடித்துக்கொள்ளும், பூனைக்குட்டியைத் தாய் வாயில் கவ்விக்கொண்டு போகும். வடகலைக்குக் குரங்கு, தென்கலைக்குப் பூனை. அவர்கள் வழி வேறு, நம் வழி வேறு. ஆனால் உவமை நமக்கும் உதவும்: எதிரணி முழுக்கக் குரங்குக்குட்டிகள்! (தாவாதீர்கள், உவமைதான்.) என் கையிலிருந்து அவைகளை ஒருவனும் பறித்துக்கொள்வதில்லை என்று யோவான் பத்தில் தம் ஆடுகளைப் பற்றி ஆண்டவர் சொன்னாரே, அங்கே பிடி யாருடையது? ஆட்டுக்குக் கை ஏது ஐயா?

அப்படி ஒரு வைணவக் குடும்பத்தில்தான் 1827-இல் நம் திருநெல்வேலிக் கரையிருப்பில் கவிஞர் கிருஷ்ண பிள்ளை பிறந்தார். 1858-இல் ஞானஸ்நானம் பெற்றார். ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் மோட்சப் பிரயாணம் என்ற கதையைத் தழுவி 1894-இல் இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியத்தைத் தந்தார். பனியனின் கதையில் கடைசியில் மரணத்தைக் குறிக்கிற ஓர் ஆறு வரும். பாலம் கிடையாது. கதாநாயகன் கிறிஸ்தியான் சாதாரணப்பட்டவனா? மலை ஏறினவன், பிசாசோடு வாள் பிடித்தவன், மாயாபுரிச் சந்தையில் அடி வாங்கினவன். எதிரணி கேட்கிற 'வாழ்க்கைச் சான்று' மூட்டை மூட்டையாக வைத்திருக்கிறவன். ஆற்றில் இறங்கியதும் மூழ்குகிறான். வந்த வழியில் கண்ட நன்மை ஒன்றும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. பழைய பாவம்தான் ஞாபகம் வருகிறது! பன்னிரண்டு வருஷம் ஜெயிலில் கிடந்த பனியனுக்கு மனுஷ மனசு தெரியும். பிறகு எது அவனைத் தூக்கி நிறுத்துகிறது? கூட வந்தவன் ஆறுதல் சொல்லச் சொல்ல, ஏசாயா நாற்பத்து மூன்றாம் அதிகாரத்து வாக்கு அவனுக்குக் கேட்கிறது: 'நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்'. அதற்கப்புறம்தான் கால் தரையில் படுகிறது.

முதல் மணி அடித்துவிட்டது, சீக்கிரம் முடிக்கிறேன். எங்கள் ஆச்சி சபையில் பெண்கள் கூட்டத்துக்கு இருபது வருஷம் தலைவி. கடைசி இரண்டு வருஷம் மறதி நோய். பெற்ற பிள்ளை பேர் தெரியாது. வாயில் ஒரு நாளும் வராத வார்த்தையெல்லாம் வந்தது. என் அம்மாவைக் 'களவாணி' என்று ஏசும், முட்டையைத் தலையணைக்கு அடியில் ஒளிக்கும். எதிரணியே, அந்த இரண்டு வருஷத்தில் வந்து 'ஆச்சி, உன் மாறிய வாழ்க்கையைக் காட்டு' என்று கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? ஒரு நாள் ஐயர் வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுத்தார். ஆச்சி அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இது யாரு குடுத்தது?" என்றது. "ஆண்டவர் குடுத்தது, ஆச்சி." கொஞ்ச நேரம் அதையே பார்த்தது. "அவுக குடுத்தா சரிதான்" என்று வாயில் போட்டுக்கொண்டது.

'நான் விசுவாசித்திருக்கிறவர் இன்னார் என்று அறிவேன்' என்று பவுல் எழுதினாரே, அந்த 'இன்னார்' மட்டும் ஆச்சிக்கு மிச்சம் இருந்தது.

இரண்டாவது மணியும் அடித்தாயிற்று. அடுத்து எதிரணியிலிருந்து வரப்போகிற அக்கா நன்றாகப் பேசுவார், எனக்குத் தெரியும். கணக்கு வாத்தியாராக அவரிடம் ஒரே ஒரு கேள்வி. நம் பள்ளிக்கூடத்தில் பாஸ் மார்க் முப்பத்தைந்து. பரலோகத்துக்கு எவ்வளவு என்று முதலில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, ஞானஸ்நானம் எடுக்காத, காணிக்கை போடாத, களவாடினதைத் திருப்பிக் கொடுக்கக்கூட நேரமில்லாமல் ஆண்டவர் பக்கத்தில் சிலுவையில் தொங்கியே பரலோகம் போனானே ஒரு கள்ளன், அவன் தாளைத் திருத்தி எத்தனை மார்க் போடுவீர்கள் என்பதையும் சபைக்குச் சொல்லிவிடுங்கள், அக்கா. மைக் உங்களுக்கு.