ஏசி வாங்கப் போனவர்கள்

(குடியிருப்பு ஒன்றின் பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: மால்கள் மங்கி வருவது நமக்கு நஷ்டமா, நிம்மதியா? ‘நஷ்டமே’ அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களுக்கும், சங்க நிர்வாகிகளுக்கும், இரண்டு கரண்டி சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டும் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். வணக்கம் அவ்வளவுதான். கொடுத்திருப்பது எட்டு நிமிடம். எதிரணித் தங்கச்சி சொல்லிவிட்டுப் போன ஒரே ஒரு வார்த்தையைக் கவனிக்கவே எனக்கு ஆறு நிமிடம் வேண்டும்.

என்ன சொன்னார்? “மாலுக்குப் போறவங்க யாரும் சாமான் வாங்கப் போறதில்லை, ஏசி வாங்கத்தான் போறாங்க. ஓசியில ஏசி! அப்புறம் மால் மூடாம என்ன செய்யும்?” உடனே நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். யார் யார் தட்டினீர்கள் என்று பார்த்து வைத்திருக்கிறேன். அதில் பாதிப் பேரைப் போன கத்திரி வெயிலில் மாலில் பார்த்தேன். நான் எப்படிப் பார்த்தேன் என்கிறீர்களா? நானும் அங்கேதானே இருந்தேன்!

ஆமாம் தங்கச்சி, ஏசி வாங்கத்தான் போனோம். அதில் என்ன தப்பு? வீட்டில் ஏசி போடலாம்தான். இலவச மின்சாரமும் கொஞ்சம் தருகிறார்கள். மே மாதத்தில் அது எந்த மூலைக்கு? சரி, சென்னையில் நாலு பேர் உள்ள குடும்பம் காசு கொடுக்காமல் மதியம் மூன்று மணி நேரம் எங்கே உட்காரும்? மெரினாவுக்கு இரண்டு மணிக்குப் போனால் கருவாடாகத்தான் திரும்ப வேண்டும். கோயிலில் நடை சாத்தியிருக்கும். பூங்காக் கதவில் பூட்டுத் தொங்கும். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறதே, ஏசி கூட உண்டே என்பீர்கள். என் பிள்ளைகள் இரண்டையும் அங்கே கூட்டிக்கொண்டு போனால் நூலகர் ராஜினாமா செய்துவிடுவார்.

எதிரணித் தலைவர் அமெரிக்கா வரைக்கும் போனார். கூரையும் ஏசியும் போட்ட முதல் பெரிய மாலை 1956-ல் மினசோட்டாவில் வடிவமைத்த கட்டடக் கலைஞர் விக்டர் குரூயனே, பிற்காலத்தில் “இந்தப் பிள்ளைகளுக்கு நான் ஜீவனாம்சம் தரமாட்டேன்” என்று சொல்லிவிட்டாராம். சொன்னார் ஐயா, உண்மைதான். ஆனால் ஏன் சொன்னார்? அவர் கனவு கண்டது ஊர் கூடுகிற மன்றம். நூலகம், மருத்துவமனை, பள்ளிக்கூடம் எல்லாம் சேர்ந்த நடுவூர். கட்டினவர்கள் கடையை மட்டும் கட்டி, சுற்றிலும் கார் நிறுத்த இடம் போட்டு விட்டார்கள். அந்தக் கோபம்! ஜனங்கள் சும்மா வந்து உட்கார வேண்டும் என்றுதான் அந்த மனுஷனும் ஆசைப்பட்டார். அப்படியென்றால் ஓசி ஏசி அணிக்குத் தலைவரே அவர்தான்.

அடுத்து, “மாலைக் கொன்றது கைபேசி” என்றார்கள். நம் அண்ணா சாலை ஸ்பென்சரையே எடுத்துக்கொள்வோம். 1860-களில் தொடங்கின கடை. 1980-களின் தொடக்கத்தில் தீப்பிடித்து அந்தப் பழைய சிவப்புக் கட்டடம் போனது. அப்புறம் அதே இடத்தில் ஸ்பென்சர் பிளாசா வந்தது. 90-களில் காதலித்தவர்கள் யாராவது அங்கே போகாமல் இருந்திருந்தால் கை தூக்குங்கள். பாருங்கள், ஒருத்தரும் தூக்கவில்லை. மனைவி பக்கத்தில் இருப்பதால் சிலர் தலையைக் கூடத் தூக்கவில்லை. 2010-ல் எக்ஸ்பிரஸ் அவென்யூ வந்தது, 2013-ல் வேளச்சேரியில் பீனிக்ஸ் வந்தது. கூட்டம் அங்கே நகர்ந்தது. அந்தக் காலத்து வளாகங்களில் கடைகளைத் தனித்தனி ஆளுக்கு விற்றும் விட்டார்கள். விற்ற பிறகு எந்தத் தளத்தில் என்ன கடை வர வேண்டும் என்று யார் யாரைக் கேட்பது? ஒருத்தர் ஷட்டரை இறக்கினால் பக்கத்துக் கடையும் படுத்துவிடும். அமேசான் இந்தியாவுக்கு வந்ததே 2013-ல்தான். அண்ணன் சொத்தைத் தம்பி எழுதி வாங்கிக்கொண்ட பிறகு வந்த பையன் மேல் பழி போடுகிறீர்களே!

சரி, புள்ளிவிவரம் போதும், நடுவர் கொட்டாவி விடுகிறார். வீட்டு வாசலுக்கே எல்லாம் வந்துவிடுகிறது, நிம்மதி என்றார்களே, அந்த நிம்மதி எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்கிறேன்.

என் மனைவி ஆன்லைனில் ஒரு குக்கர் போட்டார். வந்தபோது நாங்கள் இருவரும் அலுவலகத்தில். வீட்டில் என் மாமியார் மட்டும். டெலிவரிப் பையன் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, “பாட்டி, ஓடிபி சொல்லுங்க” என்றான். அத்தை, “சொல்லமாட்டேன்” என்றார். “பாட்டி, சொன்னாத்தான் குக்கர் தரமுடியும்.” “பேங்க்ல சொல்லியிருக்கான், டிவியில சொல்லியிருக்கான், யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதேன்னு.” “பாட்டி, நான் பேங்க் மோசடி இல்ல, நான் குக்கர்.” “எந்தத் திருடன்டா நான் திருடன்னு சொல்லிட்டு வருவான்?”

அவன் எனக்குப் போன் செய்தான். நான் அத்தைக்குப் போன் செய்து, “அத்தை, நம்ம குக்கர்தான், அந்த நம்பரைச் சொல்லிடுங்க” என்றேன். இரண்டு நொடி சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார், “மாப்பிள்ளை குரல்லயே பேசி ஏமாத்துறாங்கன்னு நேத்துதான் காட்டினாங்க. நீங்க மாப்பிள்ளைதான்னு எனக்கு என்ன நிச்சயம்? தலைதீபாவளிக்கு உங்களுக்கு எத்தனை பவுன்ல மோதிரம் போட்டோம், சொல்லுங்க பார்ப்போம்!”

நடுவர் அவர்களே, நான் உண்மையைச் சொன்னேன். “அரைப் பவுன்” என்றேன்.

“ஒரு பவுன்! வைடா போனை, திருட்டுப் பயலே!”

பின்வரிசையில் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, மறுபடி சொல்கிறேன். எனக்குப் பெண் கொடுத்த அத்தை, என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, நான் கட்டணம் கட்டும் போனில், என்னைத் திருட்டுப் பயலே என்றார். ஏன்? நான் உண்மை பேசியதால்! ஒரு பவுன் என்று பொய் சொல்லியிருந்தால் மாப்பிள்ளை. அரைப் பவுன் என்று உண்மை சொன்னால் திருடன். அந்த மோதிரம் இன்றைக்கும் என் விரலில்தான் இருக்கிறது. யாராவது தராசு கொண்டுவந்தால் இங்கேயே நிறுத்துக் காட்டுகிறேன்.

குக்கர் திரும்பிப் போய்விட்டது. இதற்கும் மாலுக்கும் என்ன சம்பந்தம் என்று நடுவர் பார்க்கிறார். இருக்கிறது ஐயா. எந்தக் கடைக்குள்ளாவது நாம் யார் என்று நிரூபித்துவிட்டுத்தான் நுழைகிறோமா? வாசலில் நிற்கிறவர் பையைத் தடவிப் பார்த்துவிட்டு “வாங்கம்மா” என்பார். அவ்வளவுதானே!

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போன பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. குக்கரை வாங்காத அத்தை, அந்தப் பையனுக்குக் கம்பிக் கதவு வழியாக மோர் கொடுத்திருக்கிறார். எந்த ஊர், அம்மா இருக்கிறாரா, கல்யாணம் ஆகிவிட்டதா, ஒரு நாளைக்கு எத்தனை பார்சல், எல்லாம் கேட்டிருக்கிறார். பாவம், அவன் அடுத்த டெலிவரிக்கு ஓடவேண்டியவன், அரை மணி நேரம் நின்றிருக்கிறான். “ஓடிபி சொல்லாம ஏன் அத்தை இவ்வளவு நேரம் பேசினீங்க?” என்று கேட்டேன். “பேச ஆள் வந்துச்சு, பேசினேன்” என்றார்.

மாமா இருந்தவரைக்கும் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை எங்களோடு மாலுக்கு வருவார்கள். ஒரு கைக்குட்டை கூட வாங்கினதில்லை. எஸ்கலேட்டருக்கு எதிரே உள்ள பெஞ்சில் அத்தை உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் பேரப்பிள்ளைக்காகக் காத்திருக்கும் இன்னொரு அம்மாவிடம் முட்டிவலித் தைலம் பற்றிப் பேசுவார். மாமா போவோர் வருவோரின் செருப்பைப் பார்த்து விலை சொல்வார். நாங்கள் பை நிறைய வாங்கிக்கொண்டு வந்தால், “அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?” என்பார்கள். அந்த மாலில் இப்போது மேல்தளம் பூராவும் ஷட்டர், தியேட்டர் இல்லை, அந்தப் பெஞ்சையும் எடுத்துவிட்டார்கள். அரிசி, பருப்பு, மாத்திரை எல்லாம் பத்து நிமிடத்தில் அத்தையைத் தேடி வருகிறது. எங்கள் மூன்றாவது மாடியில் அத்தை பகல் முழுக்கத் தனியாக இருக்கிறார். அந்த ஏசியைத்தான் தங்கச்சி, நீங்கள் ஓசி என்றீர்கள்.

நடுவர் மணி அடிக்கிறார். சரி, உட்கார்ந்து கொள்கிறேன். அத்தை முதல் வரிசையில்தான் இருக்கிறார். மோதிரத்தின் எடை பற்றிச் சந்தேகம் உள்ளவர்கள் நிகழ்ச்சி முடிந்ததும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம், கையோடு ஆதார் அட்டை எடுத்துப் போங்கள். நன்றி, வணக்கம்.