பொடக்காலியிலிருந்து தொடங்கலாம்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய வீட்டைக் கொஞ்சம் சரிசெய்யலாம் என்று ஒரு கணவனும் மனைவியும் முடிவெடுத்தால், நம் கொங்குப் பகுதியில் கடப்பாரை முதலில் எங்கே இறங்கும்? பெரும்பாலும் முன்வாசலில்தான். திண்ணையை இடித்துக் காருக்கு இடம், மேலே ஒரு காங்கிரீட் தளம், தூணுக்கு கிரானைட், பளபளக்கும் கேட். பாதிப் பணம் அங்கேயே தீர்ந்துவிடும். மீதி ஆசாரம் என்கிற கூடம், படுக்கையறை என்று நகர்ந்து சமையலறைக்கு வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. பொடக்காலிக்கு, அதாவது வீட்டுப் புழக்கடைக்கு, போகும் முன்பே மேஸ்திரி வேறு வேலைக்குக் கிளம்பியிருப்பார். "அது கெடக்குதுங்க, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று முடிந்துவிடும். அந்த அடுத்த வருசம் வந்த வீடுகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

காங்கேயம் பக்கம் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்ப்பது என் தொழில். புது வீடு கட்டுவதைவிடப் பழைய வீட்டைத் திருத்தும் வேலைதான் எனக்கு அதிகம் வருகிறது. அதை வைத்து இன்று ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். செலவைப் பின்பக்கத்திலிருந்து தொடங்கி முன்பக்கத்துக்குக் கொண்டு வாருங்கள். பொடக்காலி முதலில், அப்புறம் சமையலறை, வாசல் கடைசியில்.

ஏன் என்று கேட்டால், ஒரு நாள் பூராவும் வீட்டில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். விடிவதற்கு முன் வெந்நீர் அடுப்பைப் பற்ற வைப்பது பொடக்காலியில். பாத்திரம் விளக்குவது, துணி துவைப்பது, குளிப்பது, நல்ல தண்ணீர் பிடிப்பது, கோழிக்குத் தவிடு கரைப்பது எல்லாம் அங்கேதான். வாசலில் யார் நிற்கிறார்கள்? காலையில் கோலம் போடும் நேரம், சாயங்காலம் பக்கத்து வீட்டாரோடு பேசும் நேரம், அவ்வளவுதான். காரும் பைக்கும் நிற்கும். கார் ஒரு நாளும் முதுகு வலிக்கிறது என்று சொல்லாது.

இப்படிச் சொன்னால் ஆண்களுக்கு வெறும் வெளிப்பகட்டு ஆசை என்று நான் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாசலுக்கு நம் ஊரில் ஒரு கணக்கு இருக்கிறது. பொண்ணுப் பார்க்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது வாசலை. காதுகுத்து, சீர், நோம்பி என்று பந்தல் போடுவதும் சொந்தபந்தம் உட்காருவதும் அங்கே. இத்தனை பேர் வந்து போகும் இடம் உடைந்து கிடந்தால் வீட்டுக்காரருக்குக் கூச்சமாக இருக்கும்தான். அந்தக் கூச்சத்தை மனைவியும் சேர்ந்துதான் சுமக்கிறாள். அதனால் வாசலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வரிசையை மட்டும் மாற்றச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டையே சொல்கிறேன். அது என் கணவருடைய தாத்தா காலத்து வீடு. கல்லும் மண்ணும் வைத்து எழுப்பிச் சுண்ணாம்புக் காரை பூசிய சுவர், பனங்கை போட்ட கூரை, மேலே சீமை ஓடு. என் கணவர் ஒரு தேங்காய்க் களத்தில் கணக்குப் பார்க்கிறார். ஊரில் எல்லார் வீட்டுக்கும் யோசனை சொல்கிற எனக்கு, சொந்த வீட்டில் ஒரு யோசனையை நிறைவேற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அவர் ஓட்டை எல்லாம் இறக்கிவிட்டுத் தளம் போடலாம் என்றார். நான் முதலில் கழிவுநீர் போகிற சலதாரையைச் சரிசெய்யலாம் என்றேன். "சலதாரைக்கு ஆராவது கடன் வாங்குவாங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பேங்கில் போய்ச் சாக்கடை வாய்க்காலுக்குக் கடன் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், மேலும் கீழும் பார்ப்பார்கள்.

சலதாரை விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருந்தேன் என்றால், காரணம் ஓதம், அதாவது சுவரில் ஏறுகிற ஈரம். நம் பகுதிப் பழைய வீடுகளில் நான் பார்க்கிற நோய்களில் முதல் நோய் இதுதான். சுவரின் அடியில் ஒரு முழம், இரண்டு முழ உயரத்துக்குப் பெயிண்ட் உப்பி நிற்கும், தொட்டால் பொருக்காக உதிரும், உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். பழைய வீடுகளின் கடைக்காலுக்கு மேல் ஈரத்தைத் தடுக்கும் பூச்சு கிடையாது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் தரையின் ஈரம் சுவரில் ஏறும். அந்தக் காலத்தில் அது பெரிய தொல்லையாக இல்லை. சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையடிப்பும் ஈரத்தை மூடிவைக்காது, ஏறிய ஈரம் வெயிலிலும் காற்றிலும் வெளியே போய்விடும்.

இப்போது நாம் என்ன செய்கிறோம்? அடிச்சுவரைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசுகிறோம். அதற்கு மேல் பட்டி, அதற்கு மேல் பிளாஸ்டிக் பெயிண்ட். சிலர் நான்கு அடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். ஈரம் வெளியே போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறி, டைல்ஸ் முடிகிற இடத்தில் எட்டிப் பார்க்கிறது. மறுபடியும் கொத்தி, மறுபடியும் பூசி, வருடா வருடம் செலவு. போதாக்குறைக்கு நம் போர்த் தண்ணீரே உப்பு. அதை ஊற்றிக் கலவை போட்டால் சுவருக்குள் நாமே உப்பைக் கொண்டுபோய் வைத்ததாக ஆகிறது.

சரி, என்ன செய்வது? முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அதைக் கண்டுபிடித்தவர் என் கணவர், அதைச் சொல்லத்தான் வேண்டும். மழை விட்ட ஒரு மாலையில் கிழக்குச் சுவர் ஓரம் நின்று பார்த்துவிட்டு, "ரோட்டப் பாரு, நம்ம நடையவிட மேல இருக்குது" என்றார். வீதிக்கு ஒவ்வொரு முறையும் பழைய தளத்தைப் பெயர்க்காமல் மேலேயே காங்கிரீட் போட்டுப் போட்டு, வீடு பள்ளத்தில் போய்விட்டது. வீதித் தண்ணீர் எல்லாம் சுவரடியில் வந்து நின்றது. பின்னால் பொடக்காலியில் துவைகல் தண்ணீரும் அதே சுவரை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது.

அதனால் வேலை சுவருக்கு வெளியே தொடங்கியது. சுவரை ஒட்டி ஓர் அடி அகலத்துக்கு மண்ணை எடுத்து, உள் தரையைவிட அரை அடியாவது கீழே இருக்கும்படி செய்து, ஜல்லி நிரப்பினோம். அதிலிருந்து தண்ணீர் வழிந்து போக ஒரு வாட்டம். பொடக்காலித் தரையைப் பெயர்த்து, சுவரிலிருந்து வெளியே பார்த்தபடி அடிக்குக் கால் அங்குலம் சாய்வு வைத்துத் திரும்பப் போட்டோம். துவைகல் தண்ணீர் இப்போது சலதாரை வழியாகத் தென்னைக்குப் போகிறது. அதன் பிறகுதான் சுவரில் கை வைத்தோம். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, சித்திரை, வைகாசி வெயிலில் அப்படியே காயவிட்டோம். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் "ஏனுங், பாதியில நிறுத்திப் போட்டீங்களா?" என்று விசாரித்தார்கள். அத்தைக்கு அதுதான் பெரிய வருத்தம். "ஏங்கண்ணு, ஒரு துணியாவது கட்டி மறச்சுடலாமா?" என்றார். மறைத்தால் எப்படிக் காயும்?

காய்ந்த பிறகு சுண்ணாம்புக் காரையே பூசினோம். அதற்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். நம் பகுதியில் சுண்ணாம்புக்கல்லுக்குப் பஞ்சமில்லை. மதுக்கரையில் 1934-இல் சிமெண்ட் ஆலை வந்ததே அங்கே அந்தக் கல் இருந்ததால்தான். அதே கல்லைச் சுட்டால் சுண்ணாம்பு. சிமெண்ட் மூட்டை கடையில் கிடைக்கத் தொடங்கியதும், சுண்ணாம்பை நீற்றி, ஊற வைத்து, அரைக்கிற பொறுமை யாருக்கும் இல்லாமல் போனது. வயதான ஒரு மேஸ்திரி கிடைத்தார். சின்னப் பையன்கள் அவரிடம் சித்தாள் வேலைக்கு வரவே யோசித்தார்கள். நீங்கள் செய்வதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை: சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். இன்னொரு குறையும் இருக்கிறது. சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்தால் சட்டையில் ஒட்டும். வஜ்ஜிரப் பசை கலந்து அடித்தால் ஒட்டுவது குறையும், முழுக்க நிற்காது. வெள்ளைச் சட்டை போடுகிற என் கணவருக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை.

அடுத்தது சமையலறை. மேடையின் உயரத்தை யார் முடிவு செய்கிறார்கள் தெரியுமா? மேஸ்திரி. அவர் இதுவரை கட்டிய எல்லா மேடைக்கும் ஒரே அளவு. அங்கே நின்று சமைக்கப் போகிறவள் ஐந்து அடியா, ஐந்தரை அடியா என்று கேட்கிறவர்கள் குறைவு. வேலை தொடங்கும் முன் அவளைச் சுவரோரம் நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, முழங்கைக்கு நான்கு அங்குலம் கீழே ஒரு கோடு போடுங்கள். மேடை அதுதான். உயரமான கணவர் சமைக்கிறவராக இருந்தால் அவருக்கும் ஒரு கோடு போட்டு, இரண்டுக்கும் நடுவில் பேசி முடித்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறிக் குழம்பு அவர் பொறுப்பு என்பதால் அந்தப் பேச்சு கொஞ்சம் நீண்டது.

அந்த மேடையிலேயே கிரைண்டரையும் ஏற்றி வைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வெட் கிரைண்டர் பிறந்த ஊர் கோயமுத்தூர். 2006-இல் அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. ஆனால் அதை வைக்க அளவான இடம் நம் சமையலறைகளில் இல்லை. கல்லைத் தூக்கிக் கழுவுவது மூட்டை தூக்குகிற வேலை. ஒன்றரை அடி உயரத்தில் தனியாக ஒரு சின்னத் திட்டு, பக்கத்தில் ஒரு குழாய், தண்ணீர் போக ஒரு துளை. இதற்கு ஆகும் செலவு வாசல் கேட்டின் கைப்பிடிச் செலவுக்குள் அடங்கும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆற்றுத் தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. மற்றபடி போர்த் தண்ணீர். மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் 2003-இல் கட்டாயமாக்கினார்கள். அப்போது பேருக்கு ஒரு குழாய் இறக்கிய வீடுகள் நிறைய, அந்தக் குழாய் எங்கே போகிறது என்று இப்போது வீட்டுக்காரருக்கே தெரியாது. கணக்கைப் பாருங்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் மழை என்று வைத்தால் ஏறத்தாழ 55,000 லிட்டர் விழுகிறது. கொஞ்சம் வீணானாலும் 40,000 லிட்டருக்குக் குறையாது. ஓட்டு வீட்டுக்காரர்கள் இறவாணத்தில், அதாவது கூரை இறங்கி முடிகிற விளிம்பில், தண்ணீரைப் பிடிக்கிற ஒரு தகரக் காடி கட்டினாலே போதும். சுவரடியில் விழுந்து ஓதமாக ஏறுகிற தண்ணீரும் இதுவேதான் என்பதால், காடி கட்டினால் இரண்டு வேலை முடிகிறது.

மின்சாரம் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பொடக்காலியில் மோட்டார், வாஷிங் மெஷின், ஹீட்டர் எல்லாம் ஈரத்தரையில் நிற்கின்றன. எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மின்சாரம் கசிந்தால் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. என்கிற பாதுகாப்பு சுவிட்ச் ஒன்றை மெயினுக்குப் பக்கத்தில் போட்டுவிடுங்கள். பெயிண்ட் நிறம் பார்க்கும் முன் இதைச் செய்யுங்கள்.

எப்போது வேலை தொடங்கலாம் என்று பலர் கேட்கிறார்கள். வாஸ்து நாள் பார்ப்பவர்கள் பாருங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் ஓட்டைப் பிரித்து மேய்வதாக இருந்தால் பங்குனி, சித்திரையில் முடித்துவிட வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்று, சரியாகக் கோக்காத ஓட்டை நகர்த்திவிடும். அப்போது ஒழுகுவது தெரியாது, ஐப்பசி மழையில்தான் தெரியும், அந்த நேரத்தில் ஒரு மேஸ்திரியும் கிடைக்கமாட்டார். பங்குனியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஊருக்கு ஊர் மாரியம்மன் நோம்பி. கம்பம் நட்டுவிட்டால் ஆட்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். அதையும் கணக்கில் வைத்து ஆளிடம் பேசுங்கள்.

எங்கள் வீட்டில் தளம் போடும் பேச்சு நின்றுவிட்டது. அதற்கு என் வாதம் மட்டும் காரணமில்லை. தை பிறப்பதற்கு முதல் நாள் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ வைத்துக் காப்புக் கட்டும்போது, தளம் போட்ட வீட்டில் இறவாணம் ஏது, காப்பை எங்கே செருகுவது என்று என் கணவரே கேட்டார். ஓடு தப்பித்தது. திண்ணை இன்னும் தப்பிக்கவில்லை. கார் வாங்கினால் அதை எங்கே நிறுத்துவது என்பது அவர் கேள்வி. கட்டுத்தரையில் மாடு இல்லை, அங்கே நிறுத்தலாம் என்பது என் பதில். அதற்குக் கட்டுத்தரையின் தெற்குச் சுவரில் ஒன்பது அடி அகலத்துக்கு வழி விட வேண்டும், அந்தச் சுவரோ பங்காளிக்கும் பொது. மாசியில் மேஸ்திரி வருகிறார், அதற்குள் பங்காளியிடம் பேசிவிடுவதாக என் கணவர் சொல்லியிருக்கிறார்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.